தேங்காய் விடும் வீட்டுக்கு எந்த எண்ணெய்?

"எந்த எண்ணெய் உடம்புக்கு நல்லது?" என்று யாராவது கேட்டால் ஒரு போத்தலின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் கேட்பவர் வன்னியில் சமைக்கிறவர் என்றால், பதில் சொல்ல முன் அவரிடம் ஒன்றைக் கேட்க வேண்டும்: உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தேங்காய் உடைக்கிறீர்கள்? காலையில் இடியப்பத்துக்குச் சொதியும் சம்பலும், மத்தியானம் பால்கறி, இரவு புட்டுக்குத் தேங்காய்ப்பூ என்று போகும் வீட்டில், எண்ணெய்ப் போத்தலைத் திறக்க முன்னரே கொழுப்பு சட்டிக்குள் வந்துவிடுகிறது. எண்ணெய் பற்றித் தொலைக்காட்சியிலும் யூரியூப்பிலும் சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை தேங்காய்ப்பால் விடாத சமையலுக்குச் சொல்லப்பட்டவை. திருவலையை எடுக்காத நாளே இல்லாத நம் வீடுகளுக்குக் கணக்கு வேறு. அந்தக் கணக்கைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில், கொழுப்பு என்றாலே பயப்படத் தேவையில்லை. உயிர்ச்சத்து ஏ, டி, ஈ, கே ஆகியவை உடம்பில் சேர கொழுப்பு வேண்டும். முருங்கையிலையிலும் பூசணிக்காயிலும் உள்ள கரோட்டீனை உடல் உறிஞ்சுவதற்கும் கூடவே கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ இருக்க வேண்டும். கீரையைத் தேங்காய்ப்பூ போட்டு வறை வறுப்பது அந்த வகையில் நல்ல சமையல்தான். பிரச்சினை அளவில் இருக்கிறது. சோற்றிலுள்ள மாப்பொருள் 1 கிராமுக்கு 4 கலோரி தரும், கொழுப்பு 9 கலோரி தரும். இந்த 9 எல்லா எண்ணெய்க்கும் ஒன்றுதான். ஒலிவ் எண்ணெயானாலும் பாம் ஒயிலானாலும் ஒரு மேசைக்கரண்டி விட்டால் ஏறக்குறைய 120 கலோரி. ஆகவே "இது லேசான எண்ணெய், எவ்வளவும் விடலாம்" என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

எண்ணெய்கள் வேறுபடுவது கலோரியில் இல்லை, கொழுப்பின் வகையில். இதைக் கண்ணால் பார்க்க நம்மிடம் நல்ல வழி ஒன்று உண்டு. மார்கழி, தை மாதங்களில் பனி கொட்டிய ஒரு விடியற்காலையில் குசினி இராக்கையைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்து, போத்தலைக் கவிழ்த்தாலும் வராமல் நிற்கும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் தண்ணீர் போல அசையும். தேங்காய் எண்ணெய் 24, 25 பாகை செல்சியஸ் அளவிலேயே உறைந்துவிடும். காரணம் அதன் கொழுப்பமிலச் சங்கிலிகள் நேராக இருப்பது. ஒவ்வொரு காபனும் பிடிக்கக்கூடிய ஐதரசன் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் படித்த "நிரம்பிய" என்பது இதுதான். நேரான சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுச் சீக்கிரம் கட்டியாகின்றன. நல்லெண்ணெயிலும் கச்சான் எண்ணெயிலும் பெரும்பாலான சங்கிலிகளில் ஐதரசன் நிரம்பாத இடங்கள் உண்டு. அந்த இடத்தில் சங்கிலி வளைந்து நிற்பதால் அவை இறுக அடுக்கப்படுவதில்லை, குளிரிலும் திரவமாகவே இருக்கின்றன.

நிரம்பிய கொழுப்பு உணவில் கூடினால் ஈரல் இரத்தத்திலிருந்து கெட்ட கொலஸ்ட்ரோலை அகற்றும் வேகம் குறைகிறது. அது இரத்தத்தில் தேங்கி, வருடக்கணக்கில் நாடிச் சுவர்களில் படிகிறது. மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் அது வழிவிடும். நிரம்பிய கொழுப்பின் இடத்தில் நிரம்பாததை வைத்தால் கெட்ட கொலஸ்ட்ரோல் இறங்கும். எண்ணெய் பற்றிய ஆலோசனைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

சரி, எதில் எவ்வளவு? தேங்காய் எண்ணெயில் 85 முதல் 90 வீதம் வரை நிரம்பிய கொழுப்பு. நெய்யில் 60 வீதம் அளவில். பாம் ஒயிலிலும் பட்டரிலும் ஏறக்குறையப் பாதி. கச்சான் எண்ணெயில் 17, 18 வீதம். நல்லெண்ணெயிலும் சோயா எண்ணெயிலும் 15 வீதம் அளவில். சூரியகாந்தி எண்ணெயில் 11 வீதம் அளவில்.

இனி நம் வீட்டுக் கணக்கு. ஒரு நாளில் உண்ணும் கலோரியில் 10 வீதத்துக்கு மேல் நிரம்பிய கொழுப்பிலிருந்து வரக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு அது 22 கிராம். வயலில் நாள் முழுக்க வேலை செய்பவர் கூட உண்பார், அவருக்கு இந்த அளவும் அதற்கேற்பக் கூடும். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 போத்தல் தேங்காய் எண்ணெய் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். போத்தலுக்கு 750 மில்லிலீட்டர், மொத்தம் 3 லீட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 23 கிராம் எண்ணெய் வரும், ஐந்து தேக்கரண்டி. அதில் நிரம்பிய கொழுப்பு மட்டும் 20 கிராம். 22இல் 20 அப்படியே முடிந்தது.

அப்புறம் தேங்காய். அதன் வெள்ளைப் பகுதியில் 100 கிராமுக்கு 33 கிராம் கொழுப்பு, அதில் 30 கிராம் நிரம்பியது. நால்வருக்கு நாளுக்கு ஒரு தேங்காய் என்றால், பால் பிழிந்த சக்கையோடு போகும் பங்கைக் கழித்தாலும் ஆளுக்கு 15 கிராம் அளவில் சேரும். 20உம் 15உம் 35. பட்டர், முட்டை, இறைச்சி எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

இப்போது போத்தலில் மட்டும் தேங்காய் எண்ணெய்க்குப் பதிலாக நல்லெண்ணெயை வையுங்கள். அதே 23 கிராம், ஆனால் நிரம்பிய கொழுப்பு 3, 4 கிராம்தான். தேங்காயின் 15ஐயும் கூட்டினால் 18, 19. எல்லைக்குள் வந்துவிட்டது. சொதியும் போகவில்லை, சம்பலும் போகவில்லை. தேங்காய் கறியில் இருக்கட்டும், போத்தலில் வேறொன்று இருக்கட்டும் என்பதே நான் சொல்ல வருவது. மாதம் 4 போத்தலை 2 போத்தலாக்கினால் இன்னும் நல்லது, கையில் காசும் மிஞ்சும்.

"எங்கட பாட்டன் பூட்டன் எல்லாரும் தேங்காய் எண்ணெயில சாப்பிட்டுத்தானே தொண்ணூறு வயது இருந்தவை?" என்று கேட்பவர்களை மதிக்கிறேன். அவர்கள் தேங்காய் சாப்பிட்டார்கள், உண்மை. கூடவே வயல் உழுதார்கள், விறகு கொத்தினார்கள், குளக்கட்டு நீளத்துக்கு நடந்தார்கள். எண்ணெய்ப் பலகாரம் தீபாவளிக்கும் கலியாணத்துக்கும் சுட்டார்கள். கல்யாண வீட்டில் மட்டும் கண்ட பொரியல் இன்று சந்திக்குச் சந்தி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, நாம் மோட்டார் சைக்கிளில் போய் வாங்குகிறோம். தேங்காய் எண்ணெய் நல்ல கொலஸ்ட்ரோலையும் கூட்டுமே என்றும் சொல்வார்கள். கூட்டும். ஆனால் கெட்டதையும் கூட்டுகிறது, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் அது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. 2017இல் அமெரிக்க இதய சங்கம் தேங்காய் எண்ணெயை அன்றாடம் பாவிக்க வேண்டாம் என்று சொன்னதும் இதனால்தான். முழுத் தேங்காய் அந்த அளவுக்கு மோசமில்லை, அதில் நார் இருக்கிறது, வெறும் எண்ணெயில் அது இல்லை.

போத்தலில் எதை வைப்பது என்று கேட்டால் என் முதல் தேர்வு நல்லெண்ணெய். எள்ளு நம் வரண்ட நிலத்தில் விளைகிற பயிர். எள்ளின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். அதிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதி நிரம்பாதது; ஐதரசன் நிரம்பாத இடம் ஒன்று மட்டும் உள்ள சங்கிலிகளும் ஒன்றுக்கு மேல் உள்ளவையும் அதில் கிட்டத்தட்டச் சரிபாதி. செசமோல் போன்ற இயற்கைப் பொருட்கள் இருப்பதால் சீக்கிரம் பழுதாகவும் மாட்டாது. தாளிதத்துக்கும் வதக்கலுக்கும், இட்டலிக்குப் பொடி குழைக்கவும் அதற்கு ஈடில்லை. விலை கூடத்தான். ஆனால் அதன் மணம் தூக்கலாக இருப்பதால் கொஞ்சமே போதும் என்பது என் எண்ணம். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் 175 பாகை அளவிலேயே புகையத் தொடங்கும், ஆகவே நிறைய எண்ணெயில் மூழ்கடித்துப் பொரிக்க அது பொருந்தாது.

பொரிக்கவும் வதக்கவும் இரண்டுக்கும் தோதானது கச்சான் எண்ணெய். முல்லைத்தீவின் மணல் நிலங்களில் கச்சான் நன்றாக வரும்; வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போனவர்களுக்கு கச்சான் கடைகளின் வரிசை தெரியும். எண்ணெயாக ஆட்டாமல் அந்தக் கச்சானை அப்படியே அவித்தோ வறுத்தோ ஒரு கை சாப்பிடுவதும் நல்ல கொழுப்பு உண்பதுதான். அதன் எடையில் பாதி கொழுப்பு, பெரும்பாலும் நிரம்பாதது, கூடவே புரதமும் நாரும். சூரியகாந்தி, சோயா எண்ணெய்களை நகரத்துக் கடைகளில் வாங்க முடிந்தால் சாதாரணச் சமையலுக்கு அவையும் நல்லவை. ஒன்றையே பிடித்துக்கொள்ளாமல் மாற்றி மாற்றி வாங்கலாம். ஒலிவ் எண்ணெய் நல்லது, ஆனால் அந்த விலை கொடுத்து வாங்கத் தேவை ஒன்றும் இல்லை.

பாம் ஒயில் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். 2021 ஏப்ரலில் அரசாங்கம் அதன் இறக்குமதியை நிறுத்துவதாக அறிவித்தபோது அது ஏதோ நஞ்சு என்ற எண்ணம் பலருக்கு வந்தது. நஞ்சு இல்லை. நிரம்பிய கொழுப்பில் அது தேங்காய் எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் நடுவில் நிற்கிறது. கையில் காசு இல்லாத மாதத்தில் அதை வாங்கினால் குறைத்து விடுங்கள், அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், வாங்குகிறோம் என்று தெரியாமலே அதை வாங்குகிறோம். கடையில், "அக்கா, தேங்காய் எண்ணெய் தரவா, மரக்கறி எண்ணெய் தரவா? மரக்கறி எண்ணெயில கொலஸ்ட்ரோல் இல்லை" என்பார்கள். "தம்பி, அதுக்குள்ள என்ன எண்ணெய் எண்டு போத்தலில பாத்துச் சொல்லும்" என்று கேளுங்கள். மரக்கறி எண்ணெய் என்று பெரிதாக எழுதிய போத்தலில், சின்ன எழுத்தில் பாம் ஒலீன் (பாம் ஒயிலின் திரவப் பகுதி) என்று பெரும்பாலும் இருக்கும். கொலஸ்ட்ரோல் இல்லை என்பதில் பொய் கிடையாது, ஆனால் தாவரத்திலிருந்து எடுத்த எந்த எண்ணெயிலுமே கொலஸ்ட்ரோல் கணக்கில் எடுக்கும் அளவுக்கு இராது. நம் இரத்தத்தில் அதைக் கூட்டுவது எண்ணெயிலுள்ள நிரம்பிய கொழுப்பு.

நெய்யை விலக்கச் சொல்ல மாட்டேன். வன்னியில் மாடு வைத்திருப்பவர்களிடம் கிடைக்கும் நெய்யின் மணம் வேறெங்கும் கிடைக்காது. பருப்பும் சோறும் குழைத்து ஒரு தேக்கரண்டி நெய் விட்டால் போதும்; நெய்யில் பொரிப்பது வேறு விஷயம். மாஜரினைத்தான் கவனித்து வாங்க வேண்டும். திரவ எண்ணெயைக் கட்டியாக்க ஐதரசனை அரைகுறையாக ஏற்றும்போது உண்டாவது டிரான்ஸ் கொழுப்பு. அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டி நல்லதையும் குறைக்கும், எல்லாக் கொழுப்பிலும் மோசமானது அதுதான். 2018இல் உலக சுகாதார அமைப்பு, தொழிற்சாலையில் உண்டாகும் இந்தக் கொழுப்பை 2023க்குள் உலக உணவிலிருந்தே நீக்க வேண்டும் என்று நாடுகளைக் கேட்டது. இன்றைய மாஜரின்களில் டிரான்ஸ் இல்லாதவையும் உண்டு. பெட்டியில் "பகுதியாக ஐதரசனேற்றப்பட்ட" என்ற சொல் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பேக்கரிக் கேக்கையும் பேஸ்ட்ரியையும் எதில் செய்தார்கள் என்று பார்க்க வழியில்லை, ஆகவே அவை எப்போதாவது என்று இருக்கட்டும்.

இனிப் பொரியல். ஒரு எண்ணெயைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்தால் அது எந்த எண்ணெயாக இருந்தாலும் கெடும். மீனிலிருந்தும் காயிலிருந்தும் வரும் ஈரம், கரியான துகள்கள், காற்று, சூடு எல்லாம் சேர்ந்து கொழுப்பை உடைத்து, அல்டிகைட்டு போன்ற தீங்கான பொருட்களை உண்டாக்குகின்றன. தாச்சியையே பார்த்தால் தெரியும். எண்ணெய் தேயிலைச் சாயம் போலக் கறுத்திருக்கும், அகப்பையிலிருந்து கொழகொழவென்று வடியும், வடையைப் போட்டால் சின்னச் சின்ன நுரையாகப் பொங்கி அடங்காமல் நிற்கும், தாச்சி விளிம்பில் பசை போல மஞ்சளாக ஒட்டியிருக்கும், சூடேறிய உடனேயே கண்ணெரியப் புகையும். இதில் ஒன்றிரண்டைக் கண்டாலே அந்த எண்ணெயின் காலம் முடிந்தது. மேலே புது எண்ணெய் ஊற்றினால் சரியாகும் என்று பலர் நினைக்கிறார்கள்; பழையதில் உள்ளது புதியதையும் வேகமாகக் கெடுக்கும். வீட்டில் செய்யக்கூடியது, சின்னத் தாச்சியில் கொஞ்ச எண்ணெயில் பொரித்து, மிஞ்சியதை ஆறவிட்டு வடித்து, இரண்டு மூன்று நாளைக்குள் தாளிதத்துக்கு முடித்துவிடுவது. தேநீர்க் கடையில் வடை வாங்க முன் தாச்சிக்குள் ஒரு பார்வை பாருங்கள்.

தேங்காய் எண்ணெய்க்கும் இங்கே ஒரு நியாயம் சொல்ல வேண்டும். நிரம்பிய கொழுப்பு சூட்டில் லேசில் உடையாது, அதனால் முறுக்கும் பயற்றம் பணியாரமும் சுடும் நாளில் தேங்காய் எண்ணெய் தாராளமாகத் தாங்கும். சூரியகாந்தி எண்ணெய் அந்தச் சூட்டில் சீக்கிரம் உடையும். வருடத்தில் சில நாள் பலகாரத்துக்கு தேங்காய் எண்ணெய் பாவிப்பதால் கணக்குக் குழம்பிவிடாது.

எண்ணெயை நிறையக் குடிக்கிற கறி எதுவென்று கேட்டால் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பைச் சொல்வேன். கத்தரிக்காய்க்குள் காற்று நிறைந்த இடங்கள் அதிகம், சூடான எண்ணெயில் போட்டதும் எண்ணெய் அங்கெல்லாம் போய்விடும். இந்தக் குழம்பை விடச் சொல்லி யாரையும் கேட்க எனக்கு மனமில்லை. இப்படிச் செய்து பாருங்கள்: நீளமாக வெட்டிய துண்டுகளில் உப்பும் மஞ்சளும் தடவிக் கால் மணித்தியாலம் வையுங்கள், நீர் விடும். அதைப் பிழிந்து, இரண்டு மேசைக்கரண்டி கச்சான் எண்ணெயில் பிசறி, இரும்புத் தாச்சியில் மெல்லிய நெருப்பில் மூடி மூடிப் பிரட்டுங்கள். ஓரம் சிவந்து, நடு குழைந்து வரும். பிறகு வழமைபோலப் புளியும் தேங்காய்ப்பாலும் விடுங்கள். ருசியில் ஒரு பிடி குறையலாம், எண்ணெய் பாதிக்கும் கீழே போய்விடும். பாவற்காய், வாழைக்காய்ப் பொரியலுக்கும் இந்த வழி சரிவரும்.

மீனிலும் கொழுப்பு உண்டு, அது நமக்கு வேண்டிய கொழுப்பு. சூடை, சாளை போன்ற விலை குறைந்த சின்ன மீன்களில் ஒமேகா-3 என்ற நிரம்பாத கொழுப்பு நிறைய இருக்கிறது, இதயத்துக்கு நல்லது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து காலையில் வரும் சூடையைப் பொரித்துத் தின்பதைவிடப் புளி விட்டுக் குழம்பு வைத்தால் அந்த நன்மை கூடுதலாகக் கிடைக்கும்.

சொந்தத் தென்னையில் கொப்பரா போட்டு ஆட்டுபவர்களும் கச்சான் ஆட்டுபவர்களும் பூஞ்சணத்தில் கவனமாக இருக்க வேண்டும். 2021 மார்ச்சில் இறக்குமதியான சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெயில் அஃப்லாடொக்சின் இருப்பது பிடிபட்டு நாடே பேசியது நினைவிருக்கும். ஈரமான கொப்பராவிலும் கச்சானிலும் வளரும் ஒரு பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு அது, ஈரலில் புற்றுநோயைத் தரும். சமைக்கும் சூட்டில் அழியாது. தொழிற்சாலையில் சுத்திகரித்தால் பெருமளவு நீங்கும், செக்கில் ஆட்டும் எண்ணெய்க்கு அந்தச் சுத்திகரிப்பு இல்லை. மாரி காலத்தில் முற்றத்தில் காயப்போட்ட கொப்பரா நனைந்து, பச்சையோ கறுப்போ பூத்திருந்தால் துடைத்துவிட்டு ஆட்டக் கொடுக்க வேண்டாம். பூத்ததை எறியத்தான் வேண்டும், வலிக்கும், தெரியும், 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியதைப் பார்த்தவர்கள் நாம். வெயில் நிச்சயமாக இருக்கும் மாதத்தில் காயப்போட்டு, உடைத்தால் சடக்கென்று முறியும் வரை காய்ந்ததை மட்டும் செக்குக்குக் கொண்டுபோங்கள்.

வாங்கிய எண்ணெயை அடுப்புப் பக்கத்திலும் யன்னல் வெளிச்சத்திலும் வைக்காதீர்கள். நம் வெக்கையில் எண்ணெய் வேகமாகச் சிக்கு வாடை பிடிக்கும். ஒரு மாதத்துக்கு முடியக்கூடிய அளவு வாங்கி, ஈரமில்லாத போத்தலில் இறுக மூடி, இருட்டான இடத்தில் வைத்தால் போதும். பழைய போத்தலைக் கழுவாமல் அதன் மேலேயே புதியதை ஊற்றவும் வேண்டாம். கறிக்கு விடும்போது போத்தலிலிருந்து நேராகச் சரிக்காமல் தேக்கரண்டியால் அளந்து விடுங்கள். நான் கண்டவரையில் எண்ணெய் மிச்சப்படுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் பெரியவர்களுக்கு. 2 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கொழுப்பைக் குறைக்கக் கூடாது, மூளை வளரும் காலம் அது. குழையல் சோற்றில் நெய்யோ தேங்காய்ப்பாலோ தாராளமாக விடலாம். கிளினிக்கில் கொலஸ்ட்ரோலுக்குக் குளிசை எடுப்பவர்கள், எண்ணெயை மாற்றிவிட்டோம் என்று குளிசையை நிறுத்த வேண்டாம். இரத்தப் பரிசோதனையைப் பார்த்து அதைக் கூட்டுவதும் குறைப்பதும் டொக்டர் செய்ய வேண்டிய வேலை.